கழுதையின் பின்பாதி

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஹார்லன் க்ரூனவெல்டின் அணியில் உருப்படியாக ஓடிக்கொண்டிருந்த ஒரே ஆட்டக்காரன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு புல்தரையில் உட்கார்ந்துவிட்டான். இரண்டு பேர் கைத்தாங்கலாக அவனை வெளியே கூட்டிப்போனார்கள். தொலைக்காட்சிக்கு முன்னால் ஹார்லன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள் அவர் மனைவி ஜூடி.

"கணுக்கால் போச்சு. இந்த வருஷம் இனிமே ஓட மாட்டான்."

"பாவம், அவங்க அம்மா பாத்துட்டிருப்பாங்களே."

"என்னை யாரு பாக்கறது?" என்றார் ஹார்லன்.

அந்த ஆட்டக்காரனுக்கு ஹார்லன் யாரென்றே தெரியாது. அயோவா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில், சபையார் எட்டுப் பேர் சேர்ந்து ஆளுக்கொரு கற்பனை அணி வைத்திருந்தார்கள். பேர் கால்பந்து என்றாலும் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம் அது. நிஜ ஆட்டக்காரர்களைப் பெயரளவில் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஞாயிறன்று அவர்கள் மைதானத்தில் சாதித்தால், வைத்திருப்பவருக்குப் புள்ளி. ஆனால் அந்த வாரம் தன் அணியில் ஆடுவதாகக் குறிக்காமல் ஓரத்தில் வைத்தவன் என்ன சாதித்தாலும் சேராது; வாரந்தோறும் இரண்டிரண்டு பேராக மோதி, புள்ளி அதிகமானவர் ஜெயிப்பார். யாரும் எடுக்காமல் மிஞ்சியவர்கள் பொதுப் பட்டியலில் கிடப்பார்கள். அடிபட்டவனுக்குப் பதிலாக அதிலிருந்து ஒருவனைச் செவ்வாய் இரவுக்குள் இணையத்தில் கேட்டு வைக்கலாம். ஒரே ஆளை இரண்டு பேர் கேட்டால், வரிசையில் கீழே இருப்பவருக்கே புதன் காலை அவன் கிடைப்பான். நலிந்தவருக்கு முதலிடம் என்ற அந்த ஏற்பாட்டைப் போதகர் டெர்ரி ஒரு பிரசங்கத்திலேயே புகழ்ந்திருக்கிறார்.

பருவ முடிவில் கடைசி இடத்தில் நிற்பவருக்குத் தண்டனை உண்டு. டிசம்பரில் சபை நடத்தும் கிறிஸ்து பிறப்புக் காட்சியில், மரியாளுக்கு முன்னால் நடந்து போகும் துணிக் கழுதையின் பின்பாதி அவர்தான். முன்பாதி எப்போதும் வில்மா டோல்ஸ்மா. கழுதையைத் தைத்தவளே அவள்தான். எழுபத்தோரு வயது விதவை. கணவர் விட்டுப்போன கற்பனை அணியையும் அவளே வைத்திருந்தாள், எப்போதும் கடைசி இடத்தில். முன்னால் இருப்பவளையே பின்னாலும் போட முடியாது என்பதால், அவளுக்கு அடுத்து மேலே இருப்பவர் தலையில் அது விழும்.

ஹார்லன் ஏழாவது இடத்தில் இருந்தார்.

போன வருஷமும் அவர்தான் பின்பாதி. வில்மாவின் முழங்கால் ரொம்பவும் மோசம் என்பதால் கழுதை வாசலிலிருந்து தொழுவம் போய்ச் சேர்வதற்குள் மேய்ப்பர்கள் கொட்டாவி விட்டார்கள். அதற்கு முந்தின வருஷம் மருந்துக்கடை கென் உள்ளே இருந்தபோது கழுதை வேகமாகத்தான் போனது. ஆனால் நடுவில் கிழிந்து இரண்டாகப் போனது.

இந்த வருஷம் மட்டும் ஹார்லனுக்கு அது கூடாது. பிறப்பின் வேதபாடத்தை வாசிக்கும் பொறுப்பைப் போதகர் முதல் முறையாக அவருக்குக் கொடுத்திருந்தார். பல வருஷமாக அவர் மனதுக்குள் ஆசைப்பட்டது அது. தன் தீவனக் கடையில் மூட்டைகளுக்கு நடுவே நின்று தினமும் உரக்க வாசித்துப் பழகினார். மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் பெற்றோர் வேறு சிகாகோவிலிருந்து வருகிறார்கள். சம்பந்தியை அவர்கள் கோட்டோடு பார்க்கலாம், அல்லது வாலோடு பார்க்கலாம்.

"பின்பாதி ஆளு எப்படிப்பா வாசிக்கிறது?" என்றார் போதகர். "நீ ஏழாவதா முடிச்சா கென்தான் வாசிக்கணும்."

"முடிக்க மாட்டேன்," என்றார் ஹார்லன்.

பொதுப் பட்டியலை அலசி ஒருவனைக் கண்டுபிடித்தார். கால்வின் ஓக்ஸ். இருபத்திரண்டு வயசு, யாரும் கேள்விப்படாத கல்லூரி, அடுத்த ஞாயிறு முதல் முறையாக முழு ஆட்டம் ஆடப் போகிறவன். செவ்வாய்க்கிழமை ஜெபக்கூட்டத்தில், காப்பியும் வாதுமை ரொட்டியும் சுற்றி வந்தபின், யாருக்கெல்லாம் ஜெபம் வேண்டும் என்று போதகர் கேட்டார். ஹார்லன் நல்லவர். மனதில் இருப்பதை ஆண்டவரிடம் மறைக்கத் தெரியாதவர்.

"கால்வின் ஓக்ஸ்னு ஒரு பையன். பெரிய வாய்ப்பு வந்திருக்கு. அவனுக்காக."

எல்லோரும் தலை குனிந்தார்கள். வில்மா கைகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு உருக்கமாக ஜெபித்தாள்.

புதன் காலை கால்வின் ஓக்ஸ் வில்மாவின் அணியில் இருந்தான்.

"வில்மா, அவனை நீங்க ஏன் எடுத்தீங்க?" என்று தீவனக் கடைக்குக் குருவித் தானியம் வாங்க வந்தவளிடம் கேட்டார்.

"பாவம், யாருமே வேண்டாம்னு வெளியில நிக்கிறானே ஹார்லன். நீ வேற ஜெபம் கேட்டியா, மனசு கேக்கல."

ஹார்லன் தானியத்தை நிறுத்துக் கொடுத்தார். ஞாயிறன்று கால்வின் இரண்டு முறை பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தான். வில்மாவுக்கு ஒரு புள்ளியும் சேரவில்லை. அவனை எடுத்தவள் தன் கற்பனை அணியில் ஆட விடாமல் ஓரத்தில் உட்கார வைத்திருந்தாள்.

"எடுத்தாளே, ஆடவாவது விட்டாளா!" என்று ஜூடியிடம் பொருமினார் ஹார்லன். "அந்தம்மாவுக்கு ஆட்டமே தெரியல."

"தெரியாதவங்ககிட்ட ஏன் பேரச் சொல்றே? பேரு சொல்லாம ஜெபி."

நல்ல யோசனையாகப் பட்டது. அடுத்த செவ்வாய் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "பேரு ஆண்டவருக்குத் தெரியும். ஒரு பையன். செம்பட்டைத் தாடி. வர்ற ஞாயித்துக்கிழமை மழையில ஆடப் போறான். பந்து கையை விட்டு நழுவக் கூடாது."

"ஆமென்," என்றாள் வில்மா, எல்லோருக்கும் முன்னால்.

புதன் காலை செம்பட்டைத் தாடியும் அவளிடம் போய்ச் சேர்ந்தான். ஞாயிறன்று கொட்டுகிற மழையில் பந்தை ஒரு முறைகூட நழுவவிடாமல் ஆடினான். வில்மாவின் அணியில் அவனும் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தான். ஹார்லன் மறுபடி தோற்றார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததைப் பற்றி அவருக்கே பெருமையில்லை. வார்டு பிளெட்சோ என்று ஒருவன். அந்தப் பருவம் முழுக்க மைதானத்தில் ஓடாமல் நடந்துகொண்டிருந்தவன் என்று சொல்லலாம். செவ்வாய்க்கிழமை, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, அவனுக்காக ஜெபம் கேட்டார். இரவு இன்னொரு நல்ல ஆட்டக்காரனைச் சத்தமில்லாமல் கேட்டு வைத்தார். புதன் காலை எல்லாம் நினைத்தபடி நடந்திருந்தது. பிளெட்சோ வில்மாவுக்கு, நல்லவன் ஹார்லனுக்கு.

"பாத்தியா?" என்றார் ஜூடியிடம்.

"ஜெபத்துல பொய்யா சொன்னே?"

"பொய்யில்ல... அவனுக்கும் ஜெபம் தேவைதானே."

"ஹார்லன்."

அவர் காப்பிக் கோப்பையோடு கடைக்குக் கிளம்பினார்.

ஞாயிறன்று ஹார்லனின் நல்லவன் முதல் ஓட்டத்திலேயே தன் அணிக்காரன் மேலேயே இடறி விழுந்து பந்தைப் பறிகொடுத்தான். பயிற்சியாளர் அவனை மறுபடி உள்ளே விடவில்லை. வார்டு பிளெட்சோ, தன் வாழ்நாளில் முதல் முறையாக, ஒரே மதியத்தில் மூன்று முறை எல்லைக் கோட்டைத் தாண்டினான். அவனையும் வில்மா ஓரத்தில்தான் வைத்திருந்தாள். ஹார்லன் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியாக நின்றார். ஆண்டவர் தம்மைத் திட்டவில்லை, சிரித்திருக்கிறார் என்று அவருக்குப் பட்டது. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

கடைசி வாரம் வந்தது. எதிராளி கென்தான்; ஜெயித்தால் அவரை ஏழாவது இடத்துக்குத் தள்ளிவிட்டு மேலே போகலாம். செவ்வாய்க்கிழமை ஹார்லன் யாருக்கும் ஜெபம் கேட்காமல் வாயை மூடிக்கொண்டிருந்தார். வில்மாதான் கையைத் தூக்கினாள்.

"ட்வைட் சால்ட்டர்னு ஒரு பிள்ளை. அவனை நினைச்சுக்குங்க எல்லாரும்."

ஹார்லனுக்குப் பளிச்சென்று விளங்கியது. அவள் வாய் தவறித் தான் குறிவைத்திருந்த ஆளைச் சொல்லிவிட்டாள்! சால்ட்டர் பெரிய ஆள். எப்படியோ பட்டியலில் கிடக்கிறான். கேட்டாலும் முதலிடம் வில்மாவுக்குத்தான், ஆனாலும் கேட்டு வைத்தார். அவனுக்கு இடம் பண்ண, வாரந்தவறாமல் சுமாராகவாவது புள்ளி எடுத்துக் கொடுத்த கிழட்டு ஆட்டக்காரன் ஒருவனை விடுவித்தார்.

புதன் காலை சால்ட்டர் அவருடையவன். வில்மா கேட்கவே மறந்திருக்கிறாள்!

"பொத்தானை அமுக்க மறந்துட்டா, ஜூடி! வயசானவங்கதானே!" கோட்டை இஸ்திரிக்குக் கொடுத்தார்.

ஞாயிறன்று சால்ட்டர் சாதாரண உடையில், கையில் ஊன்றுகோலோடு, ஓரமாக நின்று ஆட்டத்தை வேடிக்கை பார்த்தான். திங்கட்கிழமைப் பயிற்சியிலேயே தொடையில் தசை கிழிந்துவிட்டதாம்; அதனால்தான் அவனை வைத்திருந்தவர் கைவிட்டிருந்தார். நாடு முழுக்கத் தெரிந்திருந்தது, அவசரத்தில் ஹார்லன் மட்டும் செய்தியைப் பார்க்கவில்லை. விடுவிக்கப்பட்ட கிழட்டு ஆட்டக்காரனைக் கென் எடுத்திருந்தார். கென் ஜெயித்தார்.

காட்சி நடந்த மாலை பனி லேசாகத் தூறியது. மகள், மாப்பிள்ளை, சிகாகோப் பெற்றோர் எல்லாரும் முதல் வரிசையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். ஹார்லன் குனிந்து, சாம்பல் நிறத் துணிக்குள் புகுந்து, வில்மாவின் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். உள்ளே பூச்சி உருண்டை வாசம்.

"வலது காலா, இடது காலா?" என்று கேட்டார்.

"வலது. பனி வழுக்குது, என்னை விட்டுறாதே."

"விடமாட்டேன்."

ஒவ்வொரு அடிக்கும் நின்று, அவள் மூச்சு சீராகும் வரை காத்து, அடுத்த அடி வைத்தார். மேய்ப்பர்கள் கொட்டாவி விட்டார்கள். பாதி வழியில், வேதபாடம் வாசித்த கென்னின் குரல் அதில் வரும் தேசாதிபதியின் பெயரில் வந்து சிக்கிக்கொண்டது. "சி... சிரி..." கூட்டம் நெளிந்தது. கழுதையின் பின்புறத்திலிருந்து அந்தப் பெயர் கணீரென்று, ஒரு எழுத்து பிசகாமல், வந்தது. கென் நன்றி சொல்லிவிட்டு மேலே வாசித்தார். சிகாகோக்காரர் கண்ணீர் வரச் சிரிப்பது துணிக்குள்ளேயே கேட்டது.

"யாரு அது?" என்றார் அவர்.

"எங்கப்பா," என்றாள் மகள். அவள் குரலில் வெட்கம் கொஞ்சமும் இல்லை.

இருட்டுக்குள் ஹார்லனின் மனசு இளகியது. "வில்மா, ஒண்ணு சொல்லணும். அந்த பிளெட்சோவுக்கு நான் பண்ணினது பொய் ஜெபம்."

"தெரியும். எங்க வீட்டுக்காரர் போன பிறகு ஒரு ஆட்டம் விடாம பாத்துட்டிருக்கேனே. நான் அவனுக்காக நிஜமாவே ஜெபிச்சேன்."

"அப்போ சால்ட்டர்?"

"அவனுக்கும் நிஜமாத்தான். தொடை கிழிஞ்சா வலிக்காதா? ஜெபம்தான் கேட்டேன், எடுக்கச் சொன்னேனா?"

ஹார்லன் அடுத்த அடி வைக்காமல் நின்றார். கழுதையும் நின்றது. "இவ்வளவு தெரிஞ்சவங்க, எடுத்த பசங்கள்ல ஒருத்தனையாவது ஆட விட்டிருந்தா நீங்க மேல வந்திருப்பீங்களே?"

"மேல வந்தா புதன்கிழமை உனக்கு முன்னாடி எடுக்க முடியாதே, ஹார்லன்," என்றது கழுதையின் முன்பாதி. "என் முழங்காலுக்குத் தோதா நடக்கிற பின்னங்கால் இந்த ஊர்லயே ஒண்ணுதான் இருக்கு, அதை எப்படி வேற யாருக்கும் விட்டுக் கொடுப்பேன்?"