பரிசலில் வந்த ஆபீசர்

புதுக்கோட்டை சமஸ்தானம் கலைந்து ஐந்து வருஷம் கழித்து, அடைக்கலம் தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு வெட்ட ஆசைப்பட்டார். ஆசைப்பட்டதில் தப்பில்லை, மனு எழுதிக் கொடுத்ததுதான் தப்பு.

அவர் மனைவி செவந்தி ஒவ்வொரு குடம் தண்ணீருக்கும் ஒன்றரை மைல் நடக்கிறாள். புதுக்கோட்டை டவுனை ஒட்டிய ஊர் என்று பேர்தான். வரைபடச் சீரமைப்பு ஆபீசில் அதிகாரி ஆத்மநாதன் அறுபது வருஷத்துப் பழைய வரைபடத்தை விரித்து, நீலமாக இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"ஒங்க வீடு குளத்துக்குள்ள இருக்கு."

"ஐயா, அது மசி கொட்டுன கறைங்க."

"நீலமா இருந்தா தண்ணி. தண்ணிக்குள்ள கிணறு வெட்ட விதியில இடமில்லை."

"குடிக்கவே தண்ணி இல்லீங்க!"

"குளத்துக்குள்ள குடியிருந்துக்கிட்டுத் தண்ணி இல்லைங்கிறீங்களே, நல்லாருக்கா?"

அடைக்கலத்துக்கு ஒரு கணம் வெட்கமாகவே போய்விட்டது. நேரில் வந்து பார்க்கும்படி கெஞ்சினார்.

நீர்நிலையைத் தணிக்கை செய்யும் அதிகாரி நடந்து போகலாகாதாம். ஆகவே காவிரிக்கரையிலிருந்து ஒரு பரிசல் தருவிக்கப்பட்டது. அதில் ஆத்மநாதன் குடை பிடித்து உட்கார்ந்துகொள்ள, நாலு பியூன்கள் வெயிலில் அதைத் தோளில் சுமந்து வந்தார்கள். வாசலில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, "ஆழம் நாலரை அடி" என்று எழுதிக்கொண்டார்.

"எறங்கி மோர் சாப்பிடுங்க" என்றாள் செவந்தி.

"வேட்டி நனைஞ்சிரும்மா."

அவள் செம்பை அண்ணாந்து நீட்டினாள். "பாத்துக் குடிங்க. பொரையேறுனா முங்கிச் செத்துட்டதா எழுதிருவாங்க. ஆமா, குளம்னா மீனு எங்கங்க?"

ஆத்மநாதன் திடுக்கிட்டார். "மீன் இல்லை" என்று குறித்தார். மீனில்லாதது குளமாகாது என்று ஆறு மாதம் ஆலோசித்து, மேலிடம் உத்தரவு போட்டது: நீலத்தை அழித்துவிடவும்.

அடைக்கலம் கிணறு வெட்டினார்; தண்ணீரும் சுரந்தது. ஆனால் ஆபீசில் நீலம் மொத்தத்தையும் சுரண்டிவிட்டார்கள். செவந்தி இத்தனை நாள் தண்ணீர் மொண்டு வந்த கண்மாயும் வரைபடத்தில் வெற்று நிலமாகிவிட்டது. அங்கே வீட்டுமனைக்கு மனு போடலாம் என்று தண்டோரா வேறு.

பரிசலைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்த ஊர், விடிந்ததும் ஆபீஸ் வாசலில் வரிசை கட்டி நின்றது. முதல் ஆள் அடைக்கலம்.

ஆத்மநாதனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஏங்க, அங்க கழுத்தளவு தண்ணி கெடக்காமே?"

காலையில் அந்தக் கண்மாயில்தான் குளித்துவிட்டு வந்திருந்தார் அடைக்கலம். ஈரத்துண்டைப் பிழிந்துகொண்டே கேட்டார்:

"எங்கிட்டுங்க?"