முறுக்கிக்கொண்ட கை

விளம்பரப் பலகையைத் தாங்கும் கை மறுபடியும் முறுக்கிக்கொண்டது. கம்ப்யூட்டர் திரையில்தான். ஆனாலும் யாரோ தன் கையையே பிடித்துத் திருகியது போல மில்லி அக்காவுக்குச் சுருக்கென்றது.

ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் சண்டைக்குப் போவதால் அலுவலகத்தில் வைத்த பெயர் அது. நாற்சந்தியில் நிற்கப்போகும் பெரிய பலகைக்கு, மெல்லிய தகட்டை நாலு பக்கமும் மடித்துச் செய்த பெட்டிக்குழாய்தான் கை. அதன் குறுக்குவெட்டைக் கோடு கோடாக வரைந்து சாஃப்ட்வேரிடம் கொடுத்திருந்தாள். காற்றடித்தால் பலகை திரும்பிக்கொள்ளும் என்று அது அடம்பிடித்தது.

"தகட்டைக் கொஞ்சம் தடிமனா போடும்மா," என்றார் மேலாளர், போகிற போக்கில்.

போட்டாள். கை கனத்தது, தூண் தாங்காது என்றது சாஃப்ட்வேர். தூணைப் பெருக்கினாள், அஸ்திவாரம் போதாது என்றது. அஸ்திவாரத்தை அகலமாக்கினாள்; அது பக்கத்துச் சாக்கடைக்குள் போய் உட்கார்ந்தது. இந்த முறை மேலாளர் நின்று பார்த்துவிட்டு, நாம் பலகை வைக்கிறோமா பாலம் கட்டுகிறோமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அக்காவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. இத்தனை வருஷ அனுபவத்தை ஒரு டப்பா கேள்வி கேட்பதா? சாஃப்ட்வேர் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டுப் பொரிந்து தள்ளினாள். எதிர்முனையில் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, குறுக்குவெட்டின் மூலையைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னார். இரண்டு கோடுகளும் ஒட்டாமல் மயிரிழை இடைவெளி. அப்படியென்றால் அது மூடிய பெட்டியே இல்லை, நீளவாக்கில் கீறிவிட்ட குழாய், முறுக்கிக்கொள்ளத்தான் செய்யும் என்றார்.

"அதை முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சிவப்புப் புள்ளி வெச்சுக் காட்டுதே மேடம்."

காலையிலிருந்து கைக்குட்டையால் எத்தனை முறை துடைத்தும் திரையைவிட்டுப் போகாத தூசு அதுதான்.

அக்கா போனை வைத்தாள். கோட்டை இழுத்து ஒட்டினாள். பழைய தகடே போதும், பழைய தூணே போதும் என்றது சாஃப்ட்வேர், ஒன்றுமே நடக்காதது போல. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

பலகை வைக்கும் விளம்பர நிறுவனத்தைக் கூப்பிட்டாள். வரைபடம் தாமதமானதற்குத் தான் பொறுப்பில்லை, அந்த உருப்படாத சாஃப்ட்வேர்தான் என்று பெயரையும் சேர்த்துச் சொன்னாள். இதையெல்லாம் யார் நம்பி வாங்குகிறார்கள், இதன் லட்சணம் ஊர் முழுக்கத் தெரிய வேண்டாமா என்று மூச்சுவிடாமல் கேட்டு முடித்தாள்.

போனை எடுத்த வரவேற்புப் பெண் ஆர்டர் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஊர் முழுக்கத் தெரியணும்னுதான் மேடம் அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்காரங்க நம்மகிட்ட காசு கொடுத்து அந்தப் போர்டே வைக்கிறாங்க."