மேல ஒரு பெட்டி, கீழ ஒரு பெட்டி

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே இதை எழுதுகிறேன். ஒரு இணுக்கு உருவ, ஒரு வரி எழுத. தாளில் பச்சைக் கறை பட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம். ஆனால் பொறாமைப்பட என்ன படிப்பு வேண்டும்? அது தானாக வந்தது.

என் பொறாமை மாடியில் குடியிருந்தது. பேர் ரீபா டீச்சர். எங்கள் மாடிக்கு வாடகைக்கு வந்தவள். சாயங்காலம் கம்ப்யூட்டரில் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துவாள். அதற்காக என் வீட்டுக்காரர் மெர்வின் எங்கள் இன்டர்நெட்டை மாடிக்கு இழுத்துக் கொடுத்தார். பாளை மார்க்கெட்டில் எலக்ட்ரிக் கடையில் வேலை பார்க்கிறவர். கீழே டிவி மேசைக்கு அடியில் ஒரு பெட்டி. மேலே டீச்சர் அறையில் ஒரு பெட்டி. ரெண்டையும் சேர்த்து ஜன்னல் வழியாக ஒரு மஞ்சள் வயர்.

"கீழ உள்ளது தாய்ப்பெட்டி, மேல உள்ளது பிள்ளைப்பெட்டி" என்று விளக்கம் வேறு.

"நம்ம பிள்ளை அழுதா இம்புட்டு வேகமா எந்திரிக்க மாட்டியளே, அத்தான்."

நாளெல்லாம் கடையில் கிடக்கிறவர் எனக்குக் கிடைப்பது சாயங்காலம் மட்டும்தான். குடும்ப ஜெபம், பிறகு சாப்பாடு, கொஞ்சம் பேச்சு. அதையும் மாடிப்படி தின்றது. ஜெபத்துக்கு நான் பாய் விரித்தால் போதும், மேலிருந்து குரல் வரும்.

"அண்ணே, நெட் போயிட்டு."

ஸ்குரூ டிரைவரோடு ஏறுவார். ஜெபம் முடிந்த பிறகுதான் இறங்குவார், சட்டையில் வெண்ணெய் கேக் வாசத்தோடு.

"என்ன கோளாறு அத்தான்?"

"ரெண்டு பெட்டியும் ஒரே நம்பரச் சொல்லுது. ஒரு வீட்டுல ரெண்டு பேரு அதிகாரம் பண்ணுனா நெட் எப்படி வரும்?"

"கேக்கு மட்டும் வருது."

"உனக்குப் புரியாதுளா."

அடுத்த நாள் பாஸ்வேர்டு கோளாறு. அதற்கு அடுத்த நாள் மலையில் மழை. கோளாறு மாறும், வைத்தியம் மாறாது. மேலே போனதும் கத்துவார்: "ஏளா சாலோமி, கீழ அந்த மஞ்ச வயர ஒரு அமுக்கு அமுக்கு."

அமுக்குவேன். பச்சை விளக்கு எரியும். "அண்ணன் கை ராசியான கை" என்று டீச்சர் சொல்வது கீழே கேட்கும். அமுக்கினது என் கை.

ஒரு நாள் அமுக்கும்போதுதான் உறைத்தது. கோளாறு எப்போதும் கீழே இருக்கிறது. இவர் எதற்கு மேலே போகிறார்?

மறுநாள் பாயை உதறுகிற சாக்கில் ஓரக்கண்ணால் பார்த்தேன். டிவி மேசை பக்கம் நாற்காலி. முகம் பேப்பரில். கால் மேசைக்கு அடியில். அந்த வயர் முனையில் உள்ள கொக்கி எப்போதோ உடைந்தது, தொட்டாலே கழன்றுவிடும். மாற்றச் சொன்னால், "கடையில சரக்கு இல்ல" என்பார். பெருவிரல் பைய ஒரு தட்டு தட்டியது. பச்சை விளக்கு அணைந்தது.

"அண்ணே, நெட் போயிட்டு."

என் வயிறு எரிந்த எரிச்சலுக்கு அதிலேயே ஒரு சட்டி கீரை வதக்கியிருக்கலாம்.

"ஏளா, அமுக்கு" என்றார் மேலிருந்து.

"அமுக்கிட்டேன் அத்தான்." நான் பாயை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"இன்னும் நல்லா அமுக்கு."

"இதுக்கு மேல அமுக்குனா சுவத்துக்கு அங்கிட்டுப் போயிரும்."

மேல்பெட்டியில்தான் கோளாறு, கீழே அமுக்குவது சும்மா துணைக்கு என்று டீச்சரிடம் ஏற்கெனவே சாதித்துவிட்டார். கீழே வந்தால் மானம் போகும். பெட்டியை அணைத்தார், போட்டார், ஆன்டெனாக் கொம்பைத் திருகினார். கடைசியில் டீச்சரே இறங்கி வந்தாள்.

"அக்கா, கிளாஸ்ல பிள்ளைங்க எல்லாம் காத்துக்கிட்டு கிடக்கு."

இடுப்பில் என் மகள் டார்லினோடு குனிந்து அமுக்கினேன். டக். பச்சை.

"இவ்வளவுதானா? இதுக்கா அண்ணன் தினமும் காவல் கிடக்காங்க?"

"காவலா? எங்க?" என்றேன்.

"மொட்டமாடிக் கட்டில்லதான். நெட் வந்த பொறவும், திரும்பப் போயிரும்னு சொல்லி, நான் குடுக்குற கேக்கையும் எடுத்துக்கிட்டு அங்கன போயி கிரிக்கெட்டு பாப்பாங்க. நடுவுல, 'கீழ ஜெபம் முடிஞ்சிட்டா பாருங்க டீச்சர்'ம்பாங்க. தூத்துக்குடி அத்தை பேரு வந்தா முடியப் போகுதுன்னு அர்த்தமாம்."

என் ஜெபம் கொஞ்சம் நீளம்தான். சொந்தக்காரர் ஒருவர் பேரும் விட்டுப்போகக் கூடாது. அதற்காக இப்படியா? இவர் ஓடினது டீச்சரிடம் இல்லை, என்னிடமிருந்து. அத்தனை பொறாமையும் வீண். கேக் மேல் உள்ள பொறாமை மட்டும் மிச்சம்.

"இனிமே நெட் போனா உங்களத்தான் கூப்பிடுவேன் அக்கா. வந்து காவல் இருங்க" என்றாள்.

இவர் பைய இறங்கி வந்தார். "என்னளா கோளாறு?"

"ரெண்டு பெட்டி சமாச்சாரம் அத்தான். உங்களுக்குப் புரியாது."

நெட் இப்போதும் தினமும் போகிறது. ஜெபம் நடத்துவது இவர்தான், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு. நான் மொட்டைமாடிக் கட்டிலில் இருந்து கேட்பேன். தூத்துக்குடி அத்தை விட்டுப்போனால் மேலிருந்து எடுத்துக் கொடுப்பேன். நேற்று புது வயரே வாங்கி வந்துவிட்டார்.

"ஏளா, மாத்திருவமா?"

"சரக்கு வந்துட்டோ? இருக்கட்டும் அத்தான், பழைய வயருதான் ராசி."

கீரை பாதி கூட ஆகவில்லை. இவர் எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கிறார், பாயைப் பார்க்கிறார், டிவி மேசைக்கு அடியில் என் காலை...

"சாலோமி அக்கா, நெட் போயிட்டு."

இதோ, கூப்பிட்டுவிட்டாள். கீரை இவர் மடிக்குப் போய்விட்டது, பிள்ளையும். சத்தியமாகச் சொல்கிறேன், என் கால் பெருவிரல் அந்தப் பக்கமே போகவில்லை, அதுவாகத்தான்...