ஏகப்பன் ஜெயித்த வெந்நீர்

இனி ஒரு சொட்டு வெந்நீரைக்கூட மாடிக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்று ஏகப்பன் சபதம் எடுத்தபோது அவர் இடுப்பில் ஒரு துண்டும், காது வரை சோப்பு நுரையும் இருந்தன. பார்க்கக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் சபதம் சபதம்தான்.

சைகோன் வெக்கையில் வெந்நீர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஏகப்பன் பதில் வைத்திருந்தார். சோலோன் பேட்டையில் நூல் மொத்த வியாபாரம் செய்யும் கம்பெனிக்கு அவர் மேனேஜர். பகல் முழுக்கக் கிடங்கில் பஞ்சுத் தூசிக்குள் நின்றுவிட்டு, பென் தான் சந்தை முன்னால் மெட்ரோவுக்காகத் தகரம் அடித்து மறித்திருந்த சாலையில் மோட்டார் பைக் கூட்டத்தோடு ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தால், ஆள் தனியாகவும் இடுப்பு தனியாகவும் வருவதுபோல் இருக்கும். கொதிக்கக் கொதிக்க ரெண்டு வாளி ஊற்றினால்தான் இரண்டும் ஒட்டும்.

வீடு வாடகை வீடு. கீழ்த்தளம் ஏகப்பனுக்கு. மாடி, மார்செலுக்கும் அவர் மனைவி பொலேத்துக்கும். மொட்டைமாடியில் இரண்டு குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரே ஒரு சூரிய வெந்நீர்த் தொட்டி. அதிலிருந்து ஒரு குழாய் மாடிக்கு, ஒரு குழாய் கீழே. பகலில் வெயில் காய்ச்சிக் கொடுத்ததுதான் கணக்கு. சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிட்டால் மறுநாள் சூரியன் மனசு வைக்க வேண்டும். கொஞ்ச நாளாக ஏகப்பன் வீடு திரும்பும் நேரத்துக்குத் தொட்டியில் வெந்நீர் என்ற பேச்சே இல்லை.

"தெய்வானை!"

"என்னங்க?"

"தண்ணி ஐஸா வருது!"

"ஐஸைக் காசு குடுத்து வாங்குறோம். சும்மா வந்தா நல்லதுதானே?"

"விளையாடாத. வெந்நி எங்க போச்சு?"

"தொட்டியில இருக்கும். இல்லாட்டி தீந்திருக்கும்."

"யாரு தீத்தது?"

அடுப்படியிலிருந்து தெய்வானை நிதானமாகப் பதில் சொன்னாள். "கீழ நாம ரெண்டு பேரு. மேல அவுக ரெண்டு பேரு. நீங்க இன்னும் குளிக்கல. நான் காலையிலயே பச்சத் தண்ணியில குளிச்சிட்டேன்."

மிச்சக் கணக்கை ஏகப்பனே போட்டார். கழித்துப் பார்த்தால் மிஞ்சியவர் மார்செல்.

"அந்தக் கிழவனை என்ன பண்றேன் பாரு."

"வயசானவுகளோட வம்புக்குப் போகாதீக. உங்களுக்கு அதெல்லாம் வராது."

"எதெல்லாம்?"

"சண்டை போடுறதுதான். நேர்ல பாத்தா சிரிச்சிட்டு வந்துருவீக."

இந்த ஒரு வார்த்தை போதாதா? தலையைத் துவட்டிய கையோடு ஏகப்பன் படியேறினார்.

மார்செலின் அப்பா புதுச்சேரிக்காரர், அம்மா வியட்நாம்காரர். சைகோன் கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறிய வருஷம் சொந்தபந்தமெல்லாம் பாரீசுக்குக் கப்பலேறியும் விமானமேறியும் போய்விட, இவர் மட்டும் போகவில்லை. எழுபது வயதிலும் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மாடிப்படியிலேயே எதிரே வந்துவிட்டார்.

"பொன்சுவார், முசே ஏகப்பன்."

"பொன்சுவார். நீங்க எப்ப குளிப்பீங்க?"

மார்செல் ஒரு படி பின்வாங்கினார். "இது ரொம்ப அந்தரங்கமான கேள்வி, முசே."

"வெந்நியிலயா குளிப்பீங்க?"

"நானா? எங்க பப்பா பட்டாளத்துல இருந்தவரு. வெந்நீர்ல குளிக்கிறவன் சொல்தாவே இல்ல, சிப்பாயே இல்லன்னுவாரு. பொறந்ததுலேந்து எனக்குப் பச்சத் தண்ணிதான். மதாம் பொலேத்துக்கும் அதேதான்."

"அப்ப வெந்நிய எடுக்குறது யாரு?"

மார்செல் மேலே பார்த்தார். கீழே பார்த்தார். தன் சட்டைப் பொத்தானைப் பார்த்தார். "அத நான் சொல்லக்கூடாது முசே. வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

"அதையும் சொல்லமாட்டேன்னுதான் வாக்கு."

வந்த கோபத்தில் ஏகப்பன் சிரித்துவிட்டார். சிரித்தபிறகு சண்டை போட முடியாது. இறங்கி வந்தார்.

"என்னங்க, சண்டை முடிஞ்சுதா?" என்றாள் தெய்வானை.

"முடிஞ்சுது. ஆளு நடுங்கிட்டாரு."

ஞாயிற்றுக்கிழமை, மார்செலும் பொலேத்தும் மாதாகோயில் பூசைக்குப் போன சமயமாகப் பார்த்து, ஏகப்பன் மொட்டைமாடிக்கு ஏறினார். மாடிக்குப் போகிற குழாயின் வால்வைப் பிடித்துத் திருகு திருகென்று திருகி மூடினார். அங்கே நின்று பார்த்தால் த்ருவோங் டின் தெரு மரங்களும், மாரியம்மன் கோயில் பக்கமும் தெரியும். அம்மன் இருக்கும் திசை பார்த்து ஒரு கும்பிடு போட்டார். தொட்டி முழுவதும் இனி தனக்கே. அன்றைக்கு அவர் நடந்த நடையைப் பார்த்தால் சைகோன் ஆற்றையே அணைகட்டித் திருப்பிவிட்டு வந்தவர்போல் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஆசை ஆசையாகக் குழாயைத் திறந்தார்.

பச்சைத் தண்ணீர்.

அதற்கு மறுநாளும் அதே பச்சைத் தண்ணீர். மாடியிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. மார்செல் எதிரே வரும்போதெல்லாம் முன்னைவிட மரியாதையாகத் தலையைத் தாழ்த்தினார். அது ஏகப்பனை இன்னும் எரிச்சலாக்கியது. குழாயை மூடியும் வெந்நீர் போகிறது என்றால், கிழவர் ரகசியமாக வேறு குழாய் இழுத்திருக்கிறாரா? சுவரில் காதை வைத்துக் கேட்டார். பல்லி சத்தம்தான் கேட்டது.

"குழாயில ஒண்ணுமில்லீங்க. தொட்டியே சின்னத் தொட்டி," என்றாள் தெய்வானை, தட்டில் சோற்றைப் போட்டபடி. "பெருசா ஒண்ணு வச்சா இந்தத் தொல்லையே இல்ல. ஆனா அதுக்கு வீட்டுக்காரம்மாகிட்ட நீங்க பேசணும். வாடகை ஒப்பந்தம் உங்க பேர்லல்ல இருக்கு? நான் கேட்டா செல்லாது."

"பேசுறேன்."

"வேணாங்க. ஹுவோங் அம்மா ரொம்பக் கறாரு. ஜன்னலுக்கு வலை அடிக்கவே எத்தனை யோசனை பண்ணுனாக? அது உங்களால ஆகுற காரியமில்ல. சாப்பிடுங்க."

ஏகப்பன் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

"என்னால ஆகாதா? அடுத்தவுக மனசுக்குள்ள நூல் விட்டுப் பாக்குறதுதான் என் தொழிலே!"

"விட்டுப் பாருங்க. அறுந்துறாம."

வியாபாரம் என்பது ரத்தத்தில் ஊற வேண்டிய விஷயம் என்பது ஏகப்பனின் உறுதியான கருத்து. தெய்வானைகூட ஒரு சமயம், பகலெல்லாம் சும்மா இருக்கிறோமே, சின்னதாக ஏதாவது கடை போடலாமா என்று கேட்டாள். ஏகப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு மல்லிக்கட்டுக்குப் பேரம் பேசத் தெரியாது உனக்கு," என்றார். அவளும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஹுவோங் அம்மாள் சந்து முனையில் காப்பிக் கடை வைத்திருந்தார். ஏகப்பன் இஸ்திரி போட்ட சட்டையோடு போய், ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்த வியட்நாமியப் பேச்சைத் தொடங்கினார். அந்தப் பாஷையில் எழுத்து ஒன்றாகவே இருந்தாலும் சுருதி மாறினால் அர்த்தம் மாறிவிடும். ஏகப்பனுடைய சுருதி எப்போதும் அவர் இஷ்டம்தான். "வீட்டில் வெந்நீர் இல்லை" என்று அவர் சொன்னது "வீட்டில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர்" என்பதுபோல் போய் விழுந்தது. ஹுவோங் அம்மாள் தன் வீட்டில் வெள்ளம் புகுந்துவிட்டதோ என்று பதறி எழுந்தார். ஏகப்பன் தலையில் தண்ணீர் ஊற்றுவதுபோலவும், உடம்பு வெடவெடவென்று நடுங்குவதுபோலவும் நடித்துக் காட்டினார். காப்பி குடிக்க வந்தவர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள்.

அம்மாளுக்குப் புரிந்தது. பளபளவென்று இருந்த தன் கூந்தலை ஒரு தடவை தடவிக்கொண்டார். பெரிதாகச் சிரித்தார். "டுவொக், டுவொக்," என்றார். அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம்.

அவ்வளவுதான். யோசனை இல்லை, பேரம் இல்லை. ஏகப்பனிடம் இன்னும் நல்ல நல்ல வாதங்கள் மிச்சம் இருந்தன. அவற்றை வீணாக்க மனமில்லாமல், சம்மதித்த பிறகும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

அந்த வாரமே பழைய தொட்டி இறங்கியது. அதைப்போல இரண்டு மடங்கு பெரிய தொட்டி கயிறு கட்டி ஏறியது. சந்தே கூடி நின்று பார்த்தது. "இன்னும் தூக்கு! வலது பக்கம்!" என்று ஏகப்பன் தமிழிலேயே உத்தரவு போட்டார். தூக்கியவர்களுக்குத் தமிழ் தெரியாததால் தொட்டி பத்திரமாக மேலே போய்ச் சேர்ந்தது. மார்செல் கை குலுக்கி, "பிராவோ, முசே!" என்றார். பொலேத் ஏகப்பன் கன்னத்தில் முத்தமே கொடுத்துவிட்டாள். தோற்றவர்கள் இவ்வளவு பெருந்தன்மையாக இருக்கிறார்களே என்று ஏகப்பனுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. மாடிக் குழாயின் வால்வைத் தானே போய்த் திறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை கோயிலில், மிளகு ஏற்றுமதி செய்யும் வயிரவன் அகப்பட்டார். அவர் தேங்காய் உடைத்து முடிப்பதற்குள் ஏகப்பன் கதையை இரண்டு தடவை சொல்லிவிட்டார். இரண்டாவது தடவை தொட்டி இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

"அந்தக் கறார்க்காரம்மாவ எப்படிண்ணே மடக்குனீக?"

"பேச்சு, வயிரவா. எல்லாம் பேச்சு."

அடுத்த வாரம் ஒருநாள் கிடங்கில் மின்சாரம் நின்றுபோய், மத்தியானமே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். ஏகப்பனுக்கு வழியெல்லாம் ஒரே கற்பனை. உச்சி வெயில். நிறைமாதக் கர்ப்பிணிபோல் வெந்நீரோடு தொட்டி. அதற்கு முன்னால் தான் ஒருவர் மட்டும்.

வாசல் கதவைத் திறந்தார். பின்கட்டில் பேச்சுக் குரல். சிரிப்பு. சீயக்காய் வாசனை வீட்டைத் தூக்கியது.

எட்டிப் பார்த்தார்.

பின் சந்துக் கதவு அகலத் திறந்திருந்தது. துவைக்கிற இடத்தில் மூங்கில் சாய்வுக் கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வியட்நாம் பெண்மணி, கண்ணை மூடி, தலையைக் கட்டில் முனைக்கு வெளியே தொங்கப்போட்டு, சொர்க்கத்தில் மிதந்துகொண்டிருந்தார். முதல் கட்டிலில் ஹுவோங் அம்மாள். இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டு தெய்வானை அவர் தலையில் சீயக்காய் தேய்க்க, பொலேத் செம்பு செம்பாக வெந்நீர் ஊற்றினாள். மடிப்புக் கலையாத சட்டைக்கு மேல் ஏப்ரன் கட்டிய மார்செல், காத்திருப்பவர்களுக்குத் தட்டில் தேநீர் நீட்டிக்கொண்டிருந்தார். ஏகப்பனைப் பார்த்ததும் தட்டோடு விறைப்பாக நின்றார்.

"நான் வாக்கைக் காப்பாத்திட்டேன், மதாம்," என்றார் தெய்வானையிடம்.

"என்னடி இது!" என்றார் ஏகப்பன்.

தெய்வானை கையை எடுக்கவில்லை. "பாத்தா தெரியலையா? தலை அலசுறேன்."

"யாரு தலைய?"

"ஊரு தலைய. உங்க தலைய அலசுனா உண்டா வருமானம்?"

"தொட்டித் தண்ணியத் தீத்தது..."

"நான்தான். சின்னத் தொட்டி பத்தல. வாரவுக பாதித் தலையோட எந்திரிச்சுப் போனாக. பெருசு கேக்கலாம்னா ஒப்பந்தம் உங்க பேர்ல. ஹுவோங் அம்மா எப்பவோ சரின்னுட்டாக, நீங்க வந்து ஒரு வார்த்தை கேட்டா போதும்னாக."

தன் பெயர் காதில் விழுந்ததும் ஹுவோங் அம்மாள் கண்ணைத் திறக்காமலே, "டுவொக், டுவொக்," என்றார்.

ஏகப்பன் சுற்றிலும் பார்த்தார். சாய்ந்துகொள்ள இடம் தேடினார். எல்லாக் கட்டிலிலும் ஆள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னேனே. கடை போடட்டுமான்னு கேட்டேன். சிரிச்சீக." தெய்வானையின் குரல் கொஞ்சம் இறங்கியது. "மக சிங்கப்பூருக்குப் படிக்கப் போனப்புறம் பகல் பூரா செவுத்தையே பாத்துக்கிட்டு இருந்தேங்க. பொலேத் அக்கா ஒருநாள் தலைவலின்னு வந்தாக. சீயக்காய் தேச்சு ஊத்திவிட்டேன். மறுநா ரெண்டு பேரக் கூட்டிட்டு வந்தாக. இப்ப சந்தைக் கடைக்காரவுக பாதிப்பேரு இங்கதான்."

"இது நமக்குச் சரிப்படாது, தெய்வானை. இன்னையோட இதத் தலைமுழுகிரு!"

"என் தொழிலே தலைமுழுக்காட்டுறதுதானேங்க. இதுக்குமேல எங்க முழுக?"

கட்டிலில் கிடந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தார்கள். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டால் எந்த வார்த்தையில் யார் விழுந்தார் என்பது எல்லாப் பாஷைக்காரர்களுக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்துப் பின்கதவு வழியாகப் பட்டுச் சட்டை போட்ட ஒரு பெண்மணி உள்ளே வந்தார். பென் தான் சந்தையில் துணிக்கடை வைத்திருப்பவர். ஏகப்பனின் நூலை ஒரு பொட்டலம்கூட வாங்காமல் மாசக்கணக்கில் அலையவிட்டவர். இப்போதே தனக்குக் கட்டில் வேண்டும் என்று குரலை உயர்த்தினார். தெய்வானை நிமிர்ந்து வியட்நாமிய மொழியில் நாலு வாக்கியம் பேசினாள். ஏறுகிற இடத்தில் ஏறி, இறங்குகிற இடத்தில் இறங்கி, சுருதி சுத்தமான பேச்சு. இல்லை என்றும் சொன்னாள், சிரித்தும் சொன்னாள், இன்னொரு நாளுக்கு ஒத்துக்கொள்ளவும் வைத்தாள். பட்டுச் சட்டைக்காரர் அவள் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஏகப்பன் வாயைத் திறந்தபடி நின்றார். கோபப்பட வேண்டிய இடம்தான். ஆனால் நெஞ்சுக்குள் என்னவோ விம்மிக்கொண்டு மேலே வந்தது. பெண்டாட்டி என்று இத்தனை வருஷமாக அவர் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு ஆளை. பின்கட்டில் இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டு நின்றது வேறொரு ஆள். இரண்டாவது ஆளைத்தான் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. தொட்டி வாங்கிக் குடுத்தவன் நான். எனக்கு வெந்நி உண்டா?"

"ஏன் இல்லாம? தலைக்கு எண்ணெய் தேச்சு, சீயக்காய் போட்டு, நானே ஊத்துறேன்."

"இப்பவே வரவா?"

"இப்பவா?" தெய்வானை மார்செலைப் பார்த்தாள். மார்செல் பொலேத்தைப் பார்த்தார். பொலேத் விரல் விட்டு எண்ணி, உதட்டைப் பிதுக்கினாள்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் ஏகப்பன் எண்ணெய் மினுங்கும் தலையோடு நின்றார். வயிரவன் வந்ததும் சட்டைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"நம்ம வீட்டுல ஒரு கடை ஓடுது, தெரியுமா? என்ன கூட்டம்ங்கிற! வீட்டுக்காரம்மாவே வரிசையில வாராக."

"அப்படியாண்ணே? எம் பெண்டாட்டிய அனுப்பட்டுமா?"

ஏகப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "நெனச்சா நடக்குற காரியமா? எனக்கே நேத்து வியாழக்கிழமைதான் இடம் கெடச்சுது!"