அள்ளுவண்டிப் பரணி

வாழ்க இன்னாசிமுத்து! வெண்கான்வாஸ் காலணியான் வாழ்க! யூகலிப்டஸ் தைலம் கமழும் கெண்டைக்காலன், விடியற்காலை தோறும் ஆறு பச்சைமுட்டை அருந்தும் அஞ்சாநெஞ்சன், ஓசூர் லேத்துப் பட்டறையின் உருக்குக் கொழுந்து, தன் பெருமையைத் தானே பேசித் தளராத தனிநாவலன் வாழ்க, வாழ்க! ஆயிரம் யானைகளைக் களத்தில் வீழ்த்திய வேந்தனுக்கே பரணி பாடுவது பழந்தமிழ் மரபு. இவன் எத்தனை யானையை வீழ்த்தினான் என்பது போகப்போகத் தெரியும். தொலைந்த பொருளைக் கண்டெடுத்துத் தரும் அந்தோணியாரே, இவன் தொலைத்த மானத்தையும் சற்றே தேடிப் பாரும் என்று வேண்டிக்கொண்டு கதைக்குள் போவோம்.

அறுபத்தெட்டாம் ஆண்டு அந்தப் பக்கமெல்லாம் ஓட்டப்பந்தயக் காய்ச்சல் அடித்தது. மூன்று ஊர், மூன்று பந்தயம். ஓடுகிறவர்களுக்குப் பின்னால் நாராயணப்பனின் இரட்டைமாட்டு வண்டி, சோடாப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஆடி அசைந்து வரும். எந்த வீரனை அது எட்டிப் பிடிக்கிறதோ, அவன் அதில் ஏறி உட்கார்ந்து, ஊர் சிரிக்க எல்லைக்கோட்டுக்கு வந்து சேர வேண்டும் என்பது விதி. அதற்கு அள்ளுவண்டி என்று பேர் விழுந்துவிட்டது. மற்றவர்கள் முதற்பரிசான எவர்சில்வர் குடத்துக்காக மோதினார்கள். நம் நாயகன் இரண்டு மாடுகளோடு மோதினான்.

முதற்போர் ராயக்கோட்டை மலையில். வானளாவிய பாறைகளும் வழுக்கும் படிகளும் முள்ளடர் சரிவுகளும் சூழ்ந்த அக்கோட்டைக் குன்றை நோக்கி, பறை முழங்க, கொடி பறக்க, தக்காளிக் கூடைகளை இறக்கிவைத்துவிட்டுச் சந்தையே திரண்டு ஆர்ப்பரிக்க, வில்லினின்று விடுபட்ட கணையெனப் பாய்ந்த இன்னாசிமுத்து, முதல் நூறு கஜம் எல்லாரையும் முந்திப் போய், பட்டறைக் கூட்டாளிகளுக்குக் கையசைத்து, அவர்கள் கண்ணுக்கு மறைந்த மறுகணமே ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தான். உச்சியைத் தொட்டவர்கள் இறங்கி வரும்போதும் அங்கேயேதான் இருந்தான். இருவர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து அடிவாரத்தில் நின்ற வண்டியில் ஏற்றினார்கள். மூச்சு வாங்குகிறதாம். அட, மூச்சு எல்லாருக்கும்தான் வாங்கியது!

இரண்டாம் போர் பாரூர் ஏரிக்கரைச் சாலையில். சமதரை, மலையைப் பழி சொல்ல வழியில்லை. மூன்றாம் மைலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரும்புத் தோட்டத்துக்குள் ஒதுங்கிய மாவீரன் வெகுநேரம் வெளியே வரவில்லை. நாராயணப்பன் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தபோது, அவன் இரண்டாவது கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தான். இன்றைக்கும் பட்டறையில் அந்தப் பந்தயத்தை நினைவுகூரும்போது தொடைச் சுளுக்கு வரும், எதிர்காற்று வரும், கரும்பு மட்டும் வராது.

இரண்டு முறையும் வண்டி வந்து நின்ற இடத்தில் அவன் மனைவி கிருபாராணி நின்றிருந்தாள். முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள், வேறென்ன செய்வாள்? மூன்றாம் பந்தயமோ ஓசூரில் தொடங்கி, சானமாவுக் காட்டைத் தாண்டி, அவள் பிறந்த ஊர் அந்தோணியார் கோயில் திடலில் முடிகிறது. முந்தின நாள் அவள் கண் கலங்கிச் சொன்னாள்.

"எங்கம்மா ஊட்டு ஜனம் அத்தனையும் வந்து நிக்கும். நீங்க ஜெயிக்க வேணாம். கடைசியா வந்தாலும் பரவால்ல. நடந்தாச்சும் வாங்க. அந்த வண்டியில மட்டும் வராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

பாவம், அவள் கேட்டது இவ்வளவுதான். அவனோ அந்தோணியார் மேல் ஆணையிட்டான், லேத்து மேல் ஆணையிட்டான், மீசை மேலும் ஆணையிட்டான்.

மூண்டது மூன்றாம் போர்! கதிரவன் கனல் சொரிய, தார்ச்சாலை உருக, வீரர் ஒவ்வொருவராய் நாயகனைக் கடந்து கானகத்துள் மறைய, ஐந்தாம் மைலில் மிஞ்சியவர் இருவர்: இன்னாசிமுத்து, ஆட்டு வியாபாரி கரியப்பன். கரியப்பன் தொப்பையைத் தடவிக்கொண்டு நின்றான். "நில்லு நாராயணப்பா. எனக்கு வெக்கமெல்லாம் ஒண்ணும் கெடையாது" என்று சொல்லி, தானே வண்டியேறி ஒரு சோடாவை உடைத்தான். அந்த மொத்தப் பந்தயத்திலும் யோக்கியன் அவன் ஒருவன்தான்.

இப்போது முன்னே நாயகன், பின்னே மாடுகள். சலங்கை நெருங்குகிறது. ராயக்கோட்டைப் பாறையும் பாரூர்க் கரும்பும் நெஞ்சில் வந்து நிற்க, கிருபாராணியின் முக்காடு கண்ணில் ஆட, நிஜமாகவே பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான். மாட்டின் மூச்சு பிடரியில் பட்டது.

"ஏறிக்கோங்கண்ணா. மாடுகூடப் பாவம் பாக்குது" என்றான் நாராயணப்பன்.

நின்றான் நாயகன், திரும்பினான், வலக்கரம் உயர்த்தினான்.

"ஏறேன்! விண் இடிந்து வீழினும் ஏறேன்! மண் பிளந்து விழுங்கினும் ஏறேன்! இந்த இன்னாசிமுத்துவின் கால் இனி இவ்வண்டியில் படுமாயின், அந்தக் காலை வெட்டிக் காக்கைக்கு இடுங்கள்!"

"அண்ணன் கூத்து கட்டுது" என்றான் கரியப்பன்.

பிரகடனம் முடிந்து நாற்பதடி ஓடியிருப்பான். சாலை நடுவே உருண்டை உருண்டையாய் ஒரு குவியல். யானை லத்தி! அதைக் கண்ட கணத்தில், அலறி, திரும்பி, துள்ளி, நுகத்தடியையும் நாராயணப்பனையும் தாண்டிக் கரியப்பன் மடியில் போய் விழுந்தான். அந்தப் பருவம் முழுவதும் அவன் உண்மையான வேகத்தில் ஓடியது இந்த நாற்பதடிதான்.

"ஆனை! ஆனை! ஓட்டு!"

"முந்தாநேத்துப் போட்டதுங்கண்ணா. காஞ்சு வறட்டியாட்டம் கெடக்குது."

"ஆவி பறக்குதே, எனக்குத் தெரியாதா?"

"ஆவியா? அது தாரு ரோட்டுக் கானலுங்கண்ணா."

அவன் இறங்கவில்லை. சோடாப் பெட்டிகளுக்குப் பின்னால் உடம்பைச் சுருட்டிக்கொண்டான்.

இரண்டு வளைவு போனதும் எதிரே ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக வந்தாள். கிருபாராணி! எல்லாரும் வந்து சேர்ந்து ஒருமணி நேரமாகியும் புருஷனைக் காணோமே, எங்கே விழுந்து கிடக்கிறானோ என்று பதறி, அண்ணன் தம்பிக்கும் காத்திராமல், தூக்கில் மோரை ஊற்றிக்கொண்டு, வெறுங்காலோடு ஒன்றரை மைல் காட்டுக்குள் தனியாக வந்திருந்தாள்.

"அண்ணா, எங்க ஊட்டுக்காரர எங்கயாவது பாத்தீங்களா?"

நாராயணப்பன் தார்க்குச்சியால் பின்பக்கம் காட்டினான். பெட்டிகளுக்கிடையே இரண்டு வெள்ளைக் கான்வாஸ் காலணிகள் தெரிந்தன.

"ராணி, காட்டுல ஆனை இருக்குது!" என்றது காலணிகளின் பின்னிருந்து ஒரு குரல்.

"அந்தக் காட்டுக்குள்ளதான நான் நடந்து வந்தேன்?"

மாடு ஒன்று தலையை ஆட்டிக்கொண்டது. கிருபாராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"செத்துக்கித்துப் போயிட்டீங்களோன்னு ஓடியாந்தேன் பாருங்க, என்னச் சொல்லணும். எறங்குங்க. எனக்குக் கால் நோவுது."

ஆகவே கேளீர் உலகத்தீரே! மலை கண்டு மலையாத, கரும்பு கண்டு கலங்காத, காய்ந்த லத்தியின் கொட்டம் அடக்கிய மும்முனைப் போர்நாயகன், மீசைமேல் இட்ட ஆணை இம்மியும் பிசகாமல், அள்ளுவண்டியில் அமராது, தன் இருகால் ஊன்றி, மாமனார் ஊர் மக்கள் கூடி நிற்க, கோயில் மணி ஒலிக்க, அந்தோணியார் திடலை அடைந்த அரும்பெருங் காட்சியை என்னென்று புகழ்வேன்! கிருபாராணி வண்டியில் உட்கார்ந்து மோரைக் குடித்துக்கொண்டு வந்தாள், அவன் பின்னால் நடந்து வந்தான்.