முத்திரை போட்ட சோப்பு

பாத்திரம் கொதித்தது. அடுப்பில் வைக்காமலேயே கொதித்தது.

எடை அளவு ஆய்வாளர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அலுமினியப் பாத்திரத்துக்குள் அவர் ஊற்றிய காஸ்டிக் சோடாக் கரைசல் புஸ்ஸென்று நுரைத்து, மூக்கைப் பிடுங்கும் ஆவியை விட்டது. பளபளப்பாக இருந்த பாத்திரம் கண்ணெதிரே கறுத்தது.

"அப்பா! அலுமினியத்திலயா ஊத்தினீங்க?" கல்லூரியில் வேதியியல் படிக்கும் மகள் ஓடிவந்து ஜன்னலைத் திறந்தாள்.

"பாத்திரம்னா பாத்திரம்தானே?"

"அது பாத்திரத்தையே தின்னுடும்ப்பா. எவர்சில்வர்ல பண்ணணும்."

சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி, "அது பால் காய்ச்சுற பாத்திரம்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. காலமானவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

எல்லாம் அவள் கையால் வந்தது. விரல் நுனிகள் வெடித்து, உள்ளங்கை உரிந்து, அரம் மாதிரி ஆகிவிட்டது. அவள் பட்டுத் துணியில் நூல் வேலை செய்து தெருமுனைத் தையல் கடைக்குக் கொடுப்பவள். இப்போது பட்டைத் தொட்டாலே விரலோடு இழை வந்தது. கடைக்காரம்மா இரண்டு துணிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, "கோடை முடியறதுக்குள்ள கை சரியானா வா. இல்லேன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து தையல் மெஷின்மேல் ஒரு பழைய போர்வை கிடந்தது. அதைக் கடக்கும்போதெல்லாம் அவள் போர்வையின் ஓரத்தை ஒருமுறை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போவாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருக்கும்.

தோல் டாக்டரிடம் தனியாகத்தான் போய் வந்தாள். ஆய்வாளருக்கு அன்று கடைத்தெருவில் தராசுச் சோதனை.

"டாக்டர் என்ன சொன்னாங்க?" சாயங்காலம் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

அவள் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்தாள். காலையிலிருந்து சேர்ந்தது குவிந்து கிடந்தது. பிறகு செய்தித்தாளைப் பார்த்தாள்.

"சோப்பு ஒத்துக்கலையாம்."

"எந்த சோப்பு?"

"கடையில விக்கிறது எதுவுமே. வீட்லயே தேங்காய் எண்ணெய்ல பண்ணிக்கிட்டா நல்லதுதான். ஆனா அதுக்கு எடை ரொம்பச் சுத்தமா இருக்கணுமாம். ஒரு கிராம் தப்பினாலும் கெட்டுப்போயிடுமாம். நமக்கெங்க அதெல்லாம் வரப்போகுது."

செய்தித்தாள் கீழே இறங்கியது.

"எடையா?" என்றார் ஆய்வாளர்.

கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'முத்திரை'. எடைக்கல்லில் அரசாங்க முத்திரை கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அவர் தெருவில் நுழைந்தாலே தராசுகள் தாமாக நேராகிவிடும் என்பார்கள். வீட்டிலோ ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போட்டதில்லை. சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. வீட்டு வேலையை அளக்க முடியாது, அளக்க முடியாத ஒன்றில் தனக்கென்ன வேலை என்று உண்மையாகவே நம்பினார்.

பால் பாத்திரம் போன அன்றே எவர்சில்வருக்கு மாறினார். எண்ணெய்க்கு ஒன்று, கரைசலுக்கு ஒன்று, கலக்க ஒன்று, சந்தேகத்துக்கு ஒன்று. எல்லாம் முடிந்ததும் அத்தனையையும் தொட்டியில் போட்டார்.

மனைவி தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏங்க, இதுல எது சோப்புப் பாத்திரம், எது சோத்துப் பாத்திரம்?"

"எல்லாம் கலந்துதான் கிடக்கு."

"அப்ப நான் கை வைக்க மாட்டேன். காஸ்டிக் பட்டா இருக்கிற தோலும் போயிடும்."

நியாயமான பேச்சு. ஆய்வாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "சரி, இன்னிக்கு ஒரு நாள் நானே தேய்க்கிறேன்."

மறுநாள் சோப்பு இறுகியிருந்தது. பெருமையோடு ஒரு துண்டை எடுத்து, மகள் சொல்லிக்கொடுத்தபடி ஈர விரலால் தொட்டு நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார். சுரீரென்றது. குதித்தார்.

"காரம் அதிகம்ப்பா. எண்ணெய் எவ்வளவு போட்டீங்க?"

"ஒரு கிலோ. முழு பாட்டில்."

மகள் காலி பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, மரியாதை கருதி உள்ளே போனது.

"அப்பா... இதுல ஒரு லிட்டர்னு போட்டிருக்கு."

ஆய்வாளர் பாட்டிலை வாங்கிப் பார்த்தார். எண்ணெயில் லிட்டரும் கிலோவும் ஒன்றல்ல என்று போன வாரம்தான் எண்ணெய்க் கடைக்காரரை வாசலில் நிறுத்தி வைத்து அவர் பாடம் எடுத்திருந்தார். காஸ்டிக் சோடாவைக் கிராம் சுத்தமாக நிறுத்த உற்சாகத்தில் எண்ணெயைக் கோட்டைவிட்டுவிட்டார்.

"இந்த விஷயம் வீட்டை விட்டு வெளிய போகக்கூடாது," என்றார்.

"பக்கத்து வீட்டுல கேட்டா என்ன சொல்றது? நீங்க குதிச்சது அவங்களுக்குக் கேட்டிருக்கும்," என்றாள் மனைவி.

குறைந்த எண்ணெயைச் சரிக்கட்ட, சோப்பை உருக்கி மேலும் எண்ணெய் விட்டார். குற்றவாளி அபராதம் கட்டுவதுபோலத் தாராளமாக விட்டார். அது சோப்பாகவும் இல்லை, எண்ணெயாகவும் இல்லை. தொட்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொண்டு, சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தது.

"உப்பு சேர்த்தா இறுகும்ப்பா. ஆனா..." என்று மகள் ஆரம்பித்தாள்.

'ஆனா'வுக்கு அவர் காத்திருக்கவில்லை. உப்பைச் சேர்த்து அச்சில் ஊற்றிவிட்டு அலுவலகம் போய்விட்டார். சூட்டோடு சூடாக வெட்ட வேண்டும் என்பது அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் இருந்தது. திரும்பி வந்தபோது சோப்பு கருங்கல்லாகியிருந்தது. கத்தியின் கைப்பிடி கழன்றது. எடைக்கல்லால் ஓங்கி ஒரு போடு போட்டார். சோப்பு வெடித்து, ஒரு சில்லு பறந்துபோய் அலமாரியில் இருந்த கண்ணாடி டம்ளரைச் சாய்த்தது.

மனைவி ஒரு துண்டை விரலால் தட்டிப் பார்த்தாள். "கை கழுவ ஆகாது. வீடு கட்ட ஆகும்."

துண்டுகளைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சினார். நுரை பொங்கி அடுப்பை மூடி, மேடையில் வழிந்து, தரைக்கு வந்து, கூடம் வரை போய்ப் பார்த்துவிட்டு நின்றது. அன்று தரை துடைப்பதும் அவருடைய வேலைகளில் சேர்ந்தது.

'இன்னிக்கு ஒரு நாள்' என்பது இப்படியே நீண்டது. பரிசோதனை இல்லாத நாளில்கூட மனைவி தொட்டியைத் தூரத்திலிருந்துதான் பார்த்தாள். "எனக்கு இந்த வீட்டுக் கரண்டி மேலயே நம்பிக்கை போயிடுச்சு. நீங்க சுத்தமா தேய்ப்பீங்க. கணக்கா தேய்ப்பீங்க."

கணக்காகத்தான் தேய்த்தார். அதனால்தான் ஒரு சாயங்காலம் அந்த எண்ணம் வந்தது. தேய்த்து அடுக்கிய பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தன் தராசில் வைத்து, எடையைக் கூட்டிக்கொண்டே வந்தார். காலைக்கு இவ்வளவு, மதியத்துக்கு இவ்வளவு. ஒரு நாளுக்கு இவ்வளவென்றால் கல்யாணமானதிலிருந்து... பாதியில் நிறுத்திவிட்டார். அந்தக் கூட்டலின் விடையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து சாப்பிட்ட தட்டைக் காயவிடாமல் உடனே எடுத்துக்கொண்டு போனார். காய்ந்தால் தேய்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத்தானே தெரியும்.

கடைசிச் சோப்பு சரியாக வந்தது. எண்ணெயைக் கிராமில் நிறுத்தார். மகள் சொன்ன ஒவ்வொரு 'ஆனா'வையும் கடைசிவரை கேட்டார். வெள்ளையாக, வழவழப்பாக இருந்த கட்டிகளில், மரத்துண்டில் தானே செதுக்கிய தராசு முத்திரையை அழுத்தி எடுத்தார்.

"இதைப் பல வாரம் காயவிடணும்ப்பா," என்றாள் மகள்.

"விடுவோம். இனிமே அவசரப்பட மாட்டேன்."

அதிசயம் என்னவென்றால், அலமாரியில் சோப்பு காய்ந்துகொண்டிருக்கும்போதே மனைவியின் விரல் வெடிப்புகள் மூட ஆரம்பித்தன.

"பாத்தியா! வாசனை பட்டதுக்கே கேக்குது!" என்றார் ஆய்வாளர்.

"ஆமாங்க," என்றாள் மனைவி. மகளுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது.

சோப்பு காய்ந்ததும் ஒரு கட்டியைக் குளியலறையில் மனைவிக்கென்று வைத்தார். இன்னொன்று தொட்டிக்குப் பக்கத்தில் தனக்கு. தன் சோப்பைத் தவிர வேறெதையும் பாத்திரத்தில் படவிட அவருக்கு மனமில்லை.

ஒரு காலை, மெஷின் சத்தம் கேட்டு எழுந்தார். போர்வை மடித்து நாற்காலிமேல் இருந்தது. மனைவி ஊதா நிறப் பட்டில் பூ தைத்துக்கொண்டிருந்தாள். விரல் வழுக்கிக்கொண்டு போனது, ஒரு இழைகூட எழும்பவில்லை. கடைக்காரம்மா சொன்ன கெடுவுக்குள் வேலை கைக்கு வந்துவிட்டது. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு போய் டம்ளர்களைக் கழுவினார்.

டாக்டரிடம் கையைக் காட்ட அவள் கிளம்பியபோது, "நானும் வர்றேன்," என்றார். மகளைக் கூப்பிட்டு, "அந்த சோப்பைப் பொட்டலம் கட்டு. உங்கம்மா தேய்ச்சதையே கட்டு. டாக்டர் பாக்கட்டும்."

மகள் குளியலறைக்குள் போய், நேரம் எடுத்துக்கொண்டு, ஒரு பொட்டலத்தோடு வந்தாள். கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா மனைவியின் விரல்களை விளக்குக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிரமாதம்! சொன்னதை அப்படியே செஞ்சிருக்கீங்க. நிறைய பேரு செய்யறதில்ல."

"எல்லாம் இதுதான் டாக்டர்," என்று ஆய்வாளர் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார். "சுத்தத் தேங்காய் எண்ணெய். கிராம் தப்பாது. தினமும் இதைத்தான் தேய்க்கிறா."

டாக்டரம்மா பிரித்தார். சோப்பைப் பார்த்தார். ஆய்வாளரும் பார்த்தார்.

கட்டியின் நடுவில் தராசு முத்திரை, தட்டும் முள்ளும் சங்கிலியும் தெரிய, அழுத்தி எடுத்த அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது. முத்திரை தேய்ந்ததா இல்லையா என்று சொல்லத்தான் அவருக்குச் சம்பளம். இந்தச் சோப்பின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பட்டதில்லை.

மெதுவாக மனைவியைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றும் புரியாமல் முகத்தைத் துடைக்கச் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை இழுத்தார். அது வரவில்லை. அதன் இழையொன்று அவர் விரல் வெடிப்பில் மாட்டிக்கொண்டு நீளமாக இழுத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸ் அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள். அரம் மாதிரி இருந்தது.

"மருந்தெல்லாம் வேணாம் சார், அன்னிக்கு அக்காவுக்குச் சொன்னதேதான்," என்றாள் நர்ஸ். "ரெண்டு மாசத்துக்கு பாத்திரத் தண்ணியில கை வைக்காதீங்க, வீட்ல வேற யாரையாவது தேய்க்கச் சொல்லுங்க."