சோளக்குருவியும் ஒரு தகர டின்னும்

கூச்ச சுபாவம் உள்ளவன் பெரிய தப்பு எதுவும் செய்ய மாட்டான் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அது பொய். அவன் இருபத்தைந்து வருஷத்துத் தப்பையும் சேர்த்து வைத்து ஒரே நாளில் செய்வான். நான் செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அடி அண்ணாமலையில், ஒரு சோளக்கொல்லையில்.

தொண்ணூற்று மூன்றோ நான்கோ இருக்கும். படிப்பு ஐந்தாவது. செங்கம் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். வந்தவர் சைக்கிளைக் காட்டுவார், நான் எடுத்துத் தருவேன், அதோடு பேச்சு முடிந்தது. (வெள்ளைக்காரங்க ஜாஸ்தி வர்ற ரோடு. அவங்க பாஷை எனக்குத் தெரியாது, அதனால பேசலைன்னு யாரும் கோச்சிக்கல.)

அந்த மாசியில் கீழ்பென்னாத்தூருக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் பெயர் மல்லிகா. காபி கொடுக்கும்போது என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக மலையை முட்டி போட்டே சுற்றி வரலாம் என்று தோன்றியது. அதற்குள் அவளுடைய அத்தை கேட்டுவிட்டார்.

"உன் பேரு இன்னாப்பா?"

நான் என் தாய்மாமாவைப் பார்த்தேன்.

"ஏழுமலைங்க" என்றார் மாமா.

"இன்னா தொழில் பண்றே?"

மறுபடியும் மாமாவைப் பார்த்தேன்.

"சைக்கிள் கடைங்க."

அத்தை குரலைக் கொஞ்சமும் தாழ்த்தவில்லை. "பையனுக்குப் பேச்சு வருமா, வராதா?"

மாமாவுக்கு வியர்த்துவிட்டது. பெண்ணின் அண்ணன் தனபால் பள்ளிக்கூட வாத்தியார். அந்த வீட்டில் முடிவு சொல்கிறவர் அவர்தான். அவர் தலைக்கு மேலே ஆணியில் ஒரு பைனாகுலர் தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு மாமா ஒரே போடாகப் போட்டார்.

"எங்க பையன் மனுசங்க கிட்டதாங்க பேச மாட்டான். குருவின்னா அவனுக்கு உசுரு. அவனுக்குத் தெரியாத குருவியே கெடயாது."

வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியா? வடக்க இருந்து வந்த குருவிங்க எல்லாம் திரும்பிப் போற நேரம் இது. போறதுக்கு முன்னாடி கூட்டம் கூட்டமா எறங்கும். வர்ற ஞாயித்துக்கிழமை நான் எண்ணப் போறேன். நீங்களும் வாங்க. அப்படியே பேசிப் பார்த்துட்டு வீட்ல முடிவு சொல்லிடறேன்."

மாமா சொன்னதில் பாதி உண்மை இருந்தது. ஐந்தாவது முடித்ததும் என்னைச் சோளக்கொல்லையில் பரண்மேல் ஏற்றிவிட்டார் என் அப்பா. ஏழு வருஷம் அங்கே காவல் இருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், எனக்குத் தெரிந்த குருவி இரண்டே வகை. சோளம் தின்பது, தின்னாதது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வாத்தியார் பைனாகுலர், கேமரா, நோட்டுப் புத்தகத்தோடு அடி அண்ணாமலைச் சோளக்கொல்லைக்கு வந்து சேர்ந்தார். நான் கல்யாணத்துக்குப் போவதுபோல் வெள்ளை வேட்டி சட்டையில் நின்றேன். கரண்டு கம்பியில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது.

"இது இன்னாதுன்னு சொல்லுங்க பார்ப்போம்?"

"குருவிங்க."

"சரி, என்ன குருவி?"

ரொம்ப நேரம் யோசித்தேன். "சின்னக் குருவிங்க."

வாத்தியார் எதையோ எழுத நோட்டைத் திறந்து, எழுதாமலே மூடினார். கீழ்பென்னாத்தூர் என்னை விட்டு ஒரு பஸ் ஸ்டாப் தள்ளிப் போனது தெரிந்தது.

கொல்லைக்காரர் வரப்பில் தகர டின்னும் குச்சியுமாக உட்கார்ந்திருந்தார். அவரிடம் வாத்தியார் கெஞ்சினார். "ஒரு அரை மணி நேரம் தட்டாம இருங்க. எண்ணிட்டு, ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

"அரை மணியில பாதிக் கொல்லை காலி ஆயிடும் சார்" என்று முனகிக்கொண்டே கொல்லைக்காரர் டின்னைக் கீழே வைத்தார். வைத்த இடம் சரியாக என் கால் பக்கத்தில். (விதின்னு ஒண்ணு இருக்குதுங்க.)

மூன்று பேரும் வரப்பு ஓரம் குந்தினோம். வாத்தியார் வாயில் விரலை வைத்து, "மூச்சுச் சத்தம்கூடக் கேக்கக் கூடாது" என்றார். அப்பாடா, பேசாமல் இருப்பதுதான் பரீட்சை என்றால் எனக்கு முதல் மார்க் என்று நினைத்தேன்.

வந்தது கூட்டம். மலைப் பக்கமிருந்து ஒரு கறுப்புப் போர்வை பறந்து வந்து, வானத்தில் இரண்டு முறை திரும்பி, அப்படியே கொல்லைமேல் விழுந்தது. சோளக்குருவிகள். உடம்பு ரோஸ் நிறம், தலையும் இறக்கையும் கறுப்பு. வாத்தியார் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். "எவ்ளோ அழகு!" என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

நான் அழகைப் பார்க்கவில்லை. கதிரைப் பார்த்தேன். ஒரு கதிருக்கு மூன்று குருவி தொங்கிக்கொண்டு, கூசாமல் மணியை உதிர்த்தன. பல்லைக் கடித்தேன். மல்லிகாவின் சிரிப்பை நினைத்தேன். இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன்.

அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது. டின் கையில் இருந்தது.

"ஹோஓஓய்! ஹோய்! ஹோய்! ஓடு, ஓடு, தூ!"

டமடமவென்று தட்டிக்கொண்டு கொல்லைக்குள் பாய்ந்தேன். ஏழு வருஷக் காவல் தொண்டை. கூட்டம் மொத்தமும் எழும்பி, மலையைத் தாண்டி, அநேகமாக வடக்கே தன் சொந்த நாட்டுக்கே போய்விட்டது. கிரிவலப் பாதையில் நடந்துகொண்டிருந்த ஒரு குடும்பம் நின்று, என்னைப் பார்த்துக் கும்பிட்டது. (சாமி வந்துட்டுதுன்னு நெனச்சிருப்பாங்க.)

சத்தம் அடங்கியது. டின்னோடு திரும்பி வந்தேன். கொல்லைக்காரர் முகத்தில் மட்டும் சந்தோஷம். "தம்பி, நாளைக்கும் வர்றியா?"

வாத்தியார் நோட்டைத் திறந்து எழுதினார். கல்யாணம் போச்சு, மாமா என் தோலை உரிப்பார், அவ்வளவுதான் என்று நின்றேன்.

"படிங்க" என்று நோட்டை நீட்டினார்.

எனக்குப் படிக்க நேரமாகும். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். 'சோளக்குருவி. எண்ணிக்கை: எண்ண விடவில்லை. காரணம்: எங்கள் மாப்பிள்ளை.'

கடைசிச் சொல்லை மறுபடியும் கூட்டினேன். நிமிர்ந்தபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். "எங்க அத்த கிட்ட நான் சொல்லிக்கறேன். பேச்சு வருமான்னு கேட்டாங்களே, மலைக்கு அந்தாண்ட வரைக்கும் கேக்குதுன்னு!"

வைகாசியில் கல்யாணம். கொல்லையில் அன்று வாத்தியார் எடுத்த ஒரே போட்டோவில் குருவி ஒன்றுகூட இல்லை. வேட்டியை மடித்துக் கட்டி, அந்தரத்தில் இரண்டு காலும், கையில் டின்னும், தொண்டை வரை திறந்த வாயுமாக நான் மட்டும் இருக்கிறேன். எங்கள் கல்யாண போட்டோவுக்குப் பக்கத்திலேயே அதை மாட்டி வைத்திருக்கிறாள் மல்லிகா.

வருஷா வருஷம் மாசி பங்குனியில் மச்சான் நோட்டுப் புத்தகத்தோடு வருவார். குருவி எண்ணப் புறப்படும்போது என்னைத் தவிர வீட்டில் எல்லோரையும் கூட்டிப் போவார்.

நான் திருந்தவில்லை. விசேஷ வீடுகளில் இன்றைக்கும் மூலையில் ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்துவிடுவேன். புதுச் சொந்தக்காரர் யாராவது, "உங்க வீட்டுக்காரர் ஏன் வாயே தொறக்க மாட்டேன்றாரு?" என்று கேட்பார்.

மல்லிகா இலையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்த மாட்டாள்.

"இங்க சோளம் இல்லீங்களே, அதான்."